மறு: பொதுத்தடத்தில் 'யீல்டு': வழிவிடுதலா, தணிவா?

வணக்கம். நம் மிதிவண்டிக் கலைச்சொல் பட்டியலில் 'யீல்டு' (yield) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'வழிவிடுதல்' போதாது, வேறு சொல் வேண்டும் என்று நான் சொன்னதற்கு வந்த கேள்வி இது:

> சாலைப் பலகையிலேயே 'வழி விடவும்' என்று இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

சாலைக்கு அது போதும், மறுக்கவில்லை. நடப்பவர், மிதிவண்டி, குதிரை மூன்றும் சேர்ந்து போகும் மண் தடத்துக்குத்தான் அது உதைக்கிறது. 'வழிவிடு' என்று படித்துவிட்டு வரும் புதியவர் என்ன செய்வார்? எதிரே ஆள் தெரிந்ததும் ஹேண்டில்பாரை ஒடித்து, ஓரத்துப் புல்லில் சக்கரத்தை ஏற்றிவிடுவார். நல்லெண்ணம்தான். ஆனால் வருகிறவர் எல்லாம் அப்படி இறங்கினால் ஒற்றையடிப் பாதை கொஞ்ச நாளில் வண்டிப் பாதையாகிவிடும். சேற்றுக் குட்டையைச் சுற்றிப் போவதும் இதே கேட்டைத்தான் செய்கிறது. அதனால்தான் குட்டை கிடந்தால் நடுவிலேயே விட்டு ஓட்டு என்கிறார்கள். (தடம் முழுக்கச் சேறென்றால் அன்றைக்கு வண்டியை எடுக்காமல் இருப்பதே மேல்.)

1988இல் தொடங்கிய சர்வதேச மலை மிதிவண்டிச் சங்கத்தின் தட விதிகளைப் பாருங்கள். மிதிவண்டிக்காரர் நடப்பவருக்கும் குதிரைக்கும் யீல்டு செய்ய வேண்டும். இறங்குபவர் ஏறுபவருக்குச் செய்ய வேண்டும். வருவதைக் குரலாலோ மணியாலோ தெரிவிப்பதும், வளைவுக்கு அப்பால் யாராவது இருப்பார்கள் என்றே நினைத்து ஓட்டுவதும் அதே விதிக்குள்தான் வருகின்றன. ஆக, இடம் விடுவது அதில் ஒரு துண்டு. முதல் வேலை வேகத்தைக் குறைப்பது, அடுத்தது நிற்கத் தயாராக இருப்பது.

ஏறுபவருக்கு ஏன் முதலிடம் என்றால், செங்குத்தில் ஒருமுறை காலை ஊன்றிவிட்டால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. அழுத்தி மிதித்தால் முன்சக்கரம் தூக்கும், முன்னால் சாய்ந்தால் பின்சக்கரம் சரளையில் வழுக்கும். இறங்குபவருக்கோ பிரேக்கைப் பிடித்தால் வேலை முடிந்தது. அதையும் முன்கூட்டியே பிடிக்க வேண்டும். கடைசி நொடியில் பின்சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு வந்து நின்றால் மண்ணில் ஒரு கோடு விழும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும்.

என் முன்மொழிவு 'தணிவு'. வேகம் தணியும், குரல் தணியும், சண்டைக்கு வந்தவரிடம் 'நீ கொஞ்சம் தணிந்து போயேன்' என்கிறோம். மூன்றும் இங்கே பொருந்துகின்றன. தடத்தின் வாசலில் நடப்பவர், மிதிவண்டி, குதிரை மூன்றையும் அம்புக்குறியால் இணைத்து வைத்திருக்கும் பலகையைத் 'தணிவு முக்கோணம்' எனலாம்.

---

> முன்மொழிவு 'தணிவு'

எனக்கு இரண்டு சங்கடங்கள். 'காய்ச்சல் தணிவு' மாதிரி ஒலிக்கிறது. 'நடப்பவருக்குத் தணி' என்றால் வினையாக ஒட்டவும் இல்லை. அப்புறம், குதிரை வந்தால் இறங்கி ஒதுங்கித்தானே நிற்கிறோம்? அங்கே 'வழிவிடு' சரிதானே?

---

வினைக்கு 'தணிந்து போ': 'நடப்பவரைக் கண்டால் தணிந்து போ.' பலகைக்கு இது போதும். காய்ச்சலும் தாகமும் தணிகிற மொழியில் வேகமும் தணிந்தால் யாருக்கும் குழப்பம் வராது.

குதிரை விஷயம் சரி, ஆனால் அங்கேயும் ஒதுங்குவது கடைசியில்தான். குதிரைக்கு நேர் பின்னால் பார்வை எட்டாது. ஓசையில்லாமல் பின்னால் போய் நின்றால் மிரளும், உதைக்கும். தள்ளி நின்றே பேச்சுக் கொடுக்க வேண்டும்; வருவது மனிதன்தான் என்று அதற்குக் குரலை வைத்துப் புரியும். திடீர் மணியை அங்கே நான் நம்பமாட்டேன். சவாரி செய்பவர் சொன்ன பிறகே கடக்க வேண்டும். எதிரே வந்தால் இறங்கி, சரிவில் கீழ்ப்பக்கமாக நிற்பது வழக்கம். மேலே நிற்கும் உருவம் பாயவரும் விலங்காகத் தெரியும். இத்தனையையும் 'வழிவிடு' சுமக்காது. கடைசி அசைவுக்கு மட்டும் 'ஒதுங்குதல்' என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்திலும் வேல்சிலும் குதிரைப் பாதைகளில் மிதிவண்டியை அனுமதித்த 1968ஆம் ஆண்டுச் சட்டமே, நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தது. 'விட்டுக்கொடுத்தல்' சட்ட மொழிக்கு நன்றாக இருக்கும், பலகைக்கு நீளம்.

இன்னொன்று. பின்னாலிருந்து கடப்பவர் 'உங்கள் இடப்பக்கமாகக் கடக்கிறேன்' என்ற பொருளில் கூவும் 'ஆன் யுவர் லெப்ட்' என்பதை 'உங்கள் இடப்பக்கம்' என்று அப்படியே பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். தயவுசெய்து நீக்குங்கள். அதைக் கேட்டவர் பாதிப்பேர் இடப்பக்கமே நகர்வார்கள். இடப்பக்கமாக ஓட்டும் நாடுகளில் கடப்பதே வலப்பக்கம். 'பின்னால் வருகிறேன்' என்று குரல் கொடுத்தால் போதும். கூட்டமாகப் போனால், கடக்கும்போது 'இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள்' என்றும் சேர்த்துச் சொல்லலாம். இதற்குக் கலைச்சொல்லே வேண்டாம், 'குரல் கொடுத்தல்' ஏற்கெனவே இருக்கிறது.

---

'தணிந்து போ' என்றால் எனக்கும் சம்மதம். 'தணிவு', 'ஒதுங்குதல்' இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். பின்சக்கரத்தைப் பூட்டி இழுக்கும் அந்த 'ஸ்கிட்'டுக்கு 'சறுக்கல்' என்று போட்டிருக்கிறேன். தானாக வழுக்குவதற்கும் அதே சொல் வருகிறது. வேண்டுமென்றே செய்வதற்கு 'இழுப்பு' சரிவருமா?