"அவர்கிட்டயே சொல்லுங்க" என்றதும் சண்டை திரும்புகிறது, எங்கே சறுக்குகிறது?

கேள்வி:
தம்பதி கவுன்சலிங்கில் உணர்வுமைய முறையை (EFT, சண்டைக்கு அடியில் இருக்கும் பயத்தையும் ஏக்கத்தையும் பேசவைக்கும் முறை) பின்பற்றுகிறேன். மனைவி விடாமல் கேட்பவர், கணவர் வாயை மூடிக்கொண்டு ஒதுங்குபவர். ஆறு செஷனில் இந்தச் சுழல் இருவருக்கும் பிடிபட்டது, வீட்டில் சண்டையும் குறைந்தது. ஆனால் நேருக்கு நேர் பேசச் சொன்னால் பழைய குற்றப்பட்டியல்தான் வருகிறது. யாரிடம் முதலில் தொடங்க வேண்டும்?

பதில் 1:
ஒதுங்குபவரிடம். இந்த முறையை உருவாக்கிய சூ ஜான்சனும் லெஸ் கிரீன்பெர்க்கும் வகுத்த ஒன்பது படிகளில் முதல் நான்கு, சூட்டைத் தணிக்க. அதை முடித்துவிட்டீர்கள். இப்போது மனைவியை முதலில் மனம் திறக்க வைத்து, எதிரே கணவர் கல்லாக உட்கார்ந்திருந்தால் மனைவியின் காயம் இன்னும் ஆழமாகும்.

பெரும்பாலும் சறுக்குவது, உணர்வு ஊறுவதற்குள் பேசச் சொல்வதில்தான். முதலில் கணவரின் உடம்பைப் பற்றிக் கேளுங்கள்: "அவங்க குரல் உயரும்போது நெஞ்சுல என்ன ஆகுது?" அவர் சொன்ன சொல்லையே மெதுவாகத் திருப்பிச் சொல்லுங்கள். ஒரே வாக்கியமாகச் சுருங்கட்டும்: "உன்கிட்ட தோத்துட்டேன்னு பயம், அதான் எழுந்து போயிடறேன்." அதை மட்டும் மனைவியின் முகம் பார்த்துச் சொல்லட்டும். பிறகு அவரிடம் "சொன்னப்போ எப்படி இருந்தது?", மனைவியிடம் "கேட்டப்போ?"

"இப்ப சொல்லி என்ன?" என்று மனைவி வெட்டினால் வாதாடாதீர்கள். "இவ்வளவு நாள் ஏங்கினது இப்போ வரும்போது நம்பக் கஷ்டமா இருக்கு, இல்லையா?" என்று அந்த அடியை நீங்கள் வாங்கிக்கொண்டு, உடனே கணவரிடம் திரும்புங்கள். அவரை அந்தரத்தில் விட்டால் மறுபடி வாய் திறக்க மாட்டார்.

பதில் 2:
உடம்பு கொதித்துக்கொண்டிருந்தால் எந்த உத்தியும் ஏறாது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் காதில் எதுவும் விழாது என்பார் தம்பதி உறவுகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன். குறைந்தது 20 நிமிடம் இடைவெளி வேண்டும். வீட்டுக்கும் இதே விதிதான், ஆனால் எழுந்து போகிறவர் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லாமல் போனால், விட்டுவிட்டுப் போகிறார் என்றுதான் மற்றவருக்குப் படும். அந்த நேரத்தில் மனசுக்குள் பதிலடி தயாரித்தால் இடைவெளி வீண்.

பதில் 3:
இருவரையும் ஒருமுறை தனித்தனியாகப் பார்த்தீர்களா? வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் இந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். இங்கே திறந்த மனசு அங்கே ஆயுதமாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
தனியாகப் பார்த்தேன், அப்படி எதுவும் இல்லை. கணவர் "ஒண்ணும் தோணலை" என்றால்?

பதில் 1:
அதையே எடுத்துக்கொள்ளுங்கள். "அந்த 'ஒண்ணும் இல்லை' எப்போ வந்தது? அவங்க என்ன சொன்னப்போ?" மரத்துப்போவதற்கு ஒரு நொடி முன்னால்தான் அந்தப் பயம் இருக்கும்.