மறு: ‘மாநிலக் கிளை’ – சகோதர சங்கங்களின் மாநில அமைப்புக்கு என்ன சொல்?

குழும உறவுகளுக்கு வணக்கம்.

ஃப்ரீமேசன்கள், ஆட் ஃபெல்லோஸ், விவசாயிகளின் கிரேஞ்ச் என்று சடங்கு வழியே உறுப்பினரைச் சேர்க்கும் அமெரிக்கச் சகோதர சங்கங்கள் உண்டு. அவற்றின் மாநில அமைப்பைத் தமிழில் எப்படி அழைப்பது என்று பேராசிரியர் அம்மா தொடங்கிய இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்துள்ளன: மாநிலக் கிளை, மாநிலப் பேரவை, பெரியநாடு. நான் நான்காவதாகப் ‘பெருங்கூடம்’ என்பதை முன்வைக்கிறேன். அந்த அமைப்புகள் எப்படிப் பிறந்தன என்று பார்க்காமல் சொல்லைத் தீர்மானிக்க முடியாது. அதனால் மடல் நீள்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> நாளிதழில் எல்லாம் மாநிலக் கிளை என்றுதான் வருகிறது. வாசகருக்குப் புரிகிறதே, போதாதா அண்ணா?

புரிகிறது தம்பி, ஆனால் தவறாகப் புரிகிறது. கிளை என்றதும் எங்கோ ஒரு தலைமையகம் இருக்கிறது, இது அதன் கீழ் அலுவலகம் என்று மனம் முடிவுகட்டிவிடும். அமெரிக்க ஃப்ரீமேசன்களுக்கு அப்படியொரு தலைமையகமே கிடையாது. ஒவ்வொரு மாநிலத்திலும் இருப்பது தன்னளவில் முழு அதிகாரம் கொண்ட அமைப்பு. விடுதலைப் போர் வரை அங்கிருந்த லாட்ஜுகள் (உறுப்பினர் கூடும் உள்ளூர்ச் சங்கங்கள்) பிரிட்டனிலிருந்த பெரிய லாட்ஜுகளின் (அவற்றுக்கு மேலான அமைப்புகளின்) பட்டயத்தில், அதாவது அனுமதிச் சாசனத்தில், நடந்தன. போர் வந்ததும் அந்த உறவு தளர்ந்தது. வர்ஜீனியாவில் 1778-ல் உள்ளூர் லாட்ஜுகள் தாங்களே கூடித் தங்களுக்கென்று ஒரு பெரிய லாட்ஜை அமைத்துக்கொண்டன. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன. நாடு முழுவதற்கும் ஜார்ஜ் வாஷிங்டனையே தலைவராக்கலாம் என்று 1780-ல் பென்சில்வேனியாக்காரர்கள் பேச்செடுத்தார்கள், நடக்கவில்லை. இன்றுவரை மாநிலத்துக்கு மேலே எதுவுமில்லை. மரமே இல்லாதபோது கிளை என்று எதைச் சொல்வது?

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே மாநிலத்தில் இப்படி இரண்டு அமைப்புகள் இருக்கும். பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் என்ற சுதந்திரக் கறுப்பினத்தவர் 1775-ல் பதினான்கு தோழர்களோடு பிரிட்டிஷ் படைப்பிரிவு ஒன்றின் லாட்ஜில் சேர்ந்தார். அமெரிக்க வெள்ளையர் லாட்ஜுகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் லண்டனுக்கே எழுதி 1784-ல் பட்டயம் பெற்றார்கள். அதுதான் 459-ஆம் எண் ஆப்பிரிக்க லாட்ஜ். அதிலிருந்து வளர்ந்த மரபுக்கும் பல மாநிலங்களில் தனி அமைப்பு உண்டு. பக்கத்திலிருந்த வெள்ளையர் அமைப்புகள் இருநூறு ஆண்டுகள் அதை மேசன் அமைப்பாகவே ஏற்கவில்லை. 1989-ல் கனெக்டிகட் ஏற்ற பிறகுதான் மற்றவை தொடர்ந்தன, அதுவும் மெல்ல மெல்ல. இந்த வரலாற்றை எழுதும்போது ‘கனெக்டிகட் மாநிலக் கிளை’ என்றால் எதைச் சொல்கிறோம் என்றே தெரியாது. அதைவிட மோசம், ஒரு மரபை இன்னொன்றின் கிளையாக்கிவிடுகிறோம். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

> அப்படியானால் கிளை என்ற சொல்லே வேண்டாமா? ஆட் ஃபெல்லோஸ், கிரேஞ்ச் இரண்டுக்கும் தேசியத் தலைமை இருக்கிறதே.

நல்ல கேள்வி அம்மா. மேசன்களுக்குப் பொருந்துவது இவற்றுக்கு அப்படியே பொருந்தாது.

ஆட் ஃபெல்லோஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லண்டனிலிருந்து வந்த தாமஸ் வைல்டி 1819 ஏப்ரல் 26 அன்று பால்டிமோரில் ஒரு மதுச்சாலையில் முதல் லாட்ஜைத் தொடங்கினார். 1821-ல் அமைந்த மேலமைப்பு மேரிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சேர்த்து ஒன்றாகவே இருந்தது. 1825-ல்தான் மாநிலத்துக்கு ஒன்று, நாட்டுக்கு ஒன்று என்று பிரித்தார்கள்.

கிரேஞ்ச் கதைதான் நம் சொல்லுக்கு உரைகல். உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, 1866-ல், ஆலிவர் ஹட்சன் கெல்லி என்ற வேளாண்துறை ஊழியரைத் தென்மாநிலங்களின் விவசாய நிலையைப் பார்த்துவர அனுப்பினார்கள். வடக்கிலிருந்து போனவரைத் தெற்கில் யார் வாவென்று அழைப்பார்கள்? அவர் மேசன் என்பதால் அங்கிருந்த மேசன்கள் வீட்டுக்குள் விட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் விவசாயிகளுக்கும் இப்படி ஒரு சங்கம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 1867 டிசம்பர் 4 அன்று வாஷிங்டனில் எழுவர் கூடித் தேசிய கிரேஞ்சை அமைத்தார்கள். பெண்களும் சம உறுப்பினராக வேண்டும் என்று வலியுறுத்திய கெல்லியின் உறவினர் கரோலைன் ஹாலைப் பின்னாளில் எட்டாம் நிறுவனராகச் சேர்த்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் தலைமை மட்டும் இருந்தது, உறுப்பினர் இல்லை. 1868-ல் நியூயார்க் மாநிலம் ஃப்ரெடோனியாவில் ஊர் கிரேஞ்ச் வந்தது. 1869-ல் மினசோட்டாவில் முதல் மாநில கிரேஞ்ச் வந்தது.

இதுவரை பார்த்தால் மேலிருந்து கீழே வந்த கிளை என்றே தோன்றும். ஆனால் 1873 ஜனவரியில் ஜார்ஜ்டவுனில் நடந்த கூட்டத்தில் நிறுவனர்கள் தங்கள் அதிகாரத்தை மாநிலங்களிலிருந்து வந்த பேராளர்களிடம் ஒப்படைத்தார்கள். அயோவாவின் டட்லி ஆடம்ஸ் தேசியத் தலைவரானார். அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் மாநில அமைப்பையும் மாநிலக்காரர்கள் தேசிய அமைப்பையும் ஆக்கினார்கள். மாநில அமைப்புகள் பணத்திலும் தம் விருப்பப்படி நடந்தன. அயோவா மாநில கிரேஞ்ச் ஓர் அறுவடை இயந்திரத்தின் காப்புரிமையை வாங்கித் தானே தயாரிக்க இறங்கியது. முயற்சி நொடித்தது, கடன் கழுத்தை நெரித்தது, அந்த மாநிலத்தில் இயக்கமே சரிந்தது. ஒரு கிளை இப்படித் தன் பொறுப்பில் தொழிற்சாலை வைத்து நொடிக்குமா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2013-ல் தேசிய கிரேஞ்ச் கலிஃபோர்னியா மாநில அமைப்பின் பட்டயத்தைப் பறித்தது. பிரிந்து போனவர்கள் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். சொத்து யாருக்கு என்று வழக்கு நடந்து, 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தேசிய கிரேஞ்ச் பக்கமே தீர்ப்பளித்தது. கட்டடத்தில் கூடியவர்கள் ஊர்க்காரர்கள், ஆனால் மாநில அமைப்பின் சொத்து பட்டயத்தோடு போயிற்று.

ஆக, ஆட்கள் கீழிருந்து வருகிறார்கள், அனுமதி மேலிருந்து வருகிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம். அமைப்புக்கு ஒரு பெயர்ச்சொல், அனுமதி எங்கிருந்து என்பதற்கு ஓர் அடைமொழி. ‘தன்னாட்சிப் பெருங்கூடம்’ என்றால் மேலே யாரும் இல்லை. மேசன் மாநில அமைப்புகளும் பிரின்ஸ் ஹால் அமைப்புகளும் இதில் வரும். ‘பட்டயப் பெருங்கூடம்’ என்றால் பட்டயம் கொடுத்த மேலமைப்பு ஒன்று உண்டு. ஆட் ஃபெல்லோஸ், கிரேஞ்ச் இதில் வரும். பட்டயம் நம் கல்வெட்டு ஆய்வாளர்கள் கையில் நெடுநாள் புழங்கிய சொல், அதைப் புதிதாகப் பழக்க வேண்டியதில்லை.

கூடம் ஏன் என்றால், கூடுகிற இடம், கூடியவர்கள் இரண்டுக்கும் அது இடம் கொடுக்கிறது. லாட்ஜ் என்று அப்படியே எழுதினால் நம்மூரில் அது பேருந்து நிலையத்தை ஒட்டிய தங்கும் விடுதி. கிரேஞ்சுக்காரர்களுக்கும் ஊருக்கு ஊர் மரப்பலகைக் கட்டடம் உண்டு. ஊர்க்கூடம் என்றால் கண்முன் வரும். ‘கீழ்க்கூடம்’ வேண்டாம் என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் அப்படியொரு பெயர் வழங்கியது உண்மைதான், ஆனால் தமிழில் ‘கீழ்’ என்ற சொல் மனிதர்களை எப்படியெல்லாம் குத்தியிருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

> சித்திரமேழிப் பெரியநாட்டார் நினைவுக்கு வருகிறார்கள். ஊர், நாடு, பெரியநாடு – அப்படியே கிரேஞ்ச் படிநிலைதானே?

ஐயா, இதைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. இடைக்காலத் தமிழகத்தில் உழவர்களின் பேரமைப்பு, மேழிச் சின்னம், ஊரிலிருந்து நாட்டுக்கும் நாட்டிலிருந்து பெரியநாட்டுக்கும் ஏறும் வரிசை. இந்தச் சங்கங்களைப் பற்றி எழுதும் கட்டுரையின் முன்னுரையில் இந்த ஒப்புமை கட்டாயம் இடம்பெற வேண்டும். ஆனால் கலைச்சொல்லாக்கத் தயங்குகிறேன். பெரியநாட்டார் நிலவுடைமையாளர், பணம் கட்டிச் சேர்ந்து சடங்கு வழியே உள்ளே வந்தவர்கள் அல்லர். கிரேஞ்சில் குத்தகை விவசாயியும் அவர் மனைவியும் தனித்தனி உறுப்பினர், தனித்தனி வாக்கு. அதோடு ‘மினசோட்டாப் பெரியநாடு’ என்றால் இன்றைய வாசகர் நிலப்பரப்பு என்றே படிப்பார்.

பேரவையை ஏன் விலக்குகிறேன் என்பது ஓர் எடுத்துக்காட்டிலேயே தெரிந்துவிடும். 1870-களில் இல்லினாய், அயோவா, மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களில் ரயில் கட்டணத்துக்கும் தானியக் கிடங்குக் கட்டணத்துக்கும் வரம்பு கட்டிய சட்டங்களுக்குக் கிரேஞ்சர் சட்டங்கள் என்றே பெயர். 1877-ல் மன் எதிர் இல்லினாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கொள்கையை ஏற்றது. அதை எழுதும்போது ‘மாநிலப் பேரவை சட்டப்பேரவையை வலியுறுத்தியது’ என்று வரும். வாசகர் திகைத்துவிடுவார். ஆண்டுக்கொரு முறை பேராளர்கள் கூடும் கூட்டத்துக்குப் பேரவையை வைத்துக்கொள்வோம்.

கடைசியாக ஒன்று. ‘ஸ்டேட் சாப்டர்’ என்ற ஆங்கிலப் பெயர் இயந்திர மொழிபெயர்ப்பில் ‘மாநில அத்தியாயம்’ என்று வருவதைச் சிலர் அப்படியே ஒட்டுகிறார்கள். துறவிகள் நாள்தோறும் கூடித் தங்கள் ஒழுங்குநூலில் ஓர் அத்தியாயம் வாசித்ததால் அந்தக் கூட்டத்துக்கே அப்பெயர் வந்தது ஐரோப்பாவில். நம் மடங்களில் அப்படி வழங்கவில்லை. மேசன்களிடையே ‘சாப்டர்’ என்ற பெயர் ராயல் ஆர்ச் என்ற தனிப் படிநிலைக்கு உரியது. அதற்கு ‘வட்டம்’ என்பேன். மாற்றுக் கருத்து இருந்தால் இதே இழையில் எழுதுங்கள். சீரஸ், பொமோனா, ஃபுளோரா என்று கிரேஞ்சில் பெண்களுக்கென்றே இருந்த மூன்று பதவிப் பெயர்களைத் தனி இழையில் எடுத்துக்கொள்ளலாம். தெய்வப் பெயர்கள் என்பதால் அவற்றை மொழிபெயர்க்காமல் விடலாம் என்பது என் எண்ணம். அம்மா என்ன நினைக்கிறார்கள்?