யெஸ்டி 250: வீட்டிலேயே இரட்டைப் புகைக்குழாய் மாற்றும்போது சிலிண்டர் வாயின் மரையைக் காப்பது எப்படி?

கேள்வி: பெரியாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். வண்டிப்பெரியாற்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் என் தந்தையார் வாங்கிய யெஸ்டி 250 மோட்டார் சைக்கிள் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. வீட்டிலிருந்து எஸ்டேட் அலுவலகம் வரை 2 கிலோமீட்டர் போய்வருவதற்கே பெரும்பாலும் பயன்படுத்துகிறேன். இடவப்பாதி மழையிலும் துலாவர்ஷத்திலும் நனைந்து நனைந்து, வலப்பக்கச் சைலன்சரின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. இடப்பக்க பெண்டு பைப்பும் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் துருவேறி மெலிந்துவிட்டது.

கம்பத்துக்கு இறங்கி, இரண்டு பக்கத்துக்கும் புதிய பெண்டு பைப், சைலன்சர், பாக்கிங் வளையம் எல்லாம் வாங்கி வந்துவிட்டேன். ஆனால் சிலிண்டரின் புகை வெளியேறும் வாயில் பைப்பைப் பிடித்திருக்கும் வளைய நட்டுகள் இரண்டும் அசைய மறுக்கின்றன. கொக்கி ஸ்பேனரின் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நெம்பியதில் இடப்பக்க வளையத்தின் ஒரு பல் உடைந்ததுதான் மிச்சம். முன்பு ஒரு பட்டறையில் இதே நட்டை உளி வைத்து அடித்துக் கழற்றியபோது சிலிண்டரின் குளிர்விக்கும் செதில் ஒன்று உடைந்துபோனது. அந்த வருத்தம் இன்னும் ஆறாததால்தான் வீட்டில் நானே நிதானமாகச் செய்ய விரும்புகிறேன். சூடு காட்டலாமா, அல்லது அறுத்து எடுப்பதுதான் நல்லதா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: குமுளி மலைப்பாதை

தம்பி, முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பைப்பும் சைலன்சரும் நட்டும் கடையில் கிடைக்கும். நல்ல மரையோடு கூடிய சிலிண்டர் எளிதில் கிடைக்காது. மைசூரில் யெஸ்டியைத் தயாரித்த ஐடியல் ஜாவா ஆலை 1996 இல் மூடப்பட்டது என்பதால், உங்கள் கையில் இருக்கும் அந்த வார்ப்பிரும்புச் சிலிண்டரைத்தான் நீங்கள் காப்பாற்றியாக வேண்டும். வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் இந்தக் கணக்கை வைத்தே முடிவெடுங்கள்.

நட்டு இறுகியதற்குத் துரு மட்டும் காரணமல்ல. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலோடு எரியும் ஆயிலின் கசிவு மரைக்குள் புகுந்து, வெந்து வெந்து, தார் போலக் கெட்டிப்பட்டுவிடுகிறது. அதனால் இன்ஜின் ஆறியிருக்கும்போது டபிள்யூ டி 40 போன்ற ஊடுருவும் எண்ணெயை மரையின் விளிம்பைச் சுற்றி விட்டு, காலையும் மாலையுமாக இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். நான்காம் நாள் பெட்ரோல் டாங்கைக் கழற்றித் தொலைவில் வைத்துவிட்டு, சொட்டியிருக்கும் எண்ணெயைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, கையடக்கமான கேஸ் டார்ச்சால் நட்டின் வெளிப்புறத்தை மட்டும் சுற்றிச் சுற்றிச் சூடாக்குங்கள். வெளியே இருக்கும் நட்டு முதலில் விரிந்து, உள்ளே இருக்கும் வாயின் மீதான பிடியைத் தளர்த்தும். அந்த நேரத்தில் நீளமான நெம்புகோலைத் தேடாமல், கொக்கி ஸ்பேனரை ஒரு பல்லில் சரியாக உட்காரவைத்து, முதலில் மயிரிழை அளவு இறுக்கும் பக்கமும் பிறகு கழற்றும் பக்கமுமாக மாற்றி மாற்றி அழுத்துங்கள். சட்டென்று ஒரு சிறு ஓசை கேட்டால் வேலை பாதி முடிந்தது என்று கொள்ளலாம்.

துரு உள்ளிருந்து வந்ததற்கும் உங்கள் 2 கிலோமீட்டர் ஓட்டமே காரணம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக வெளிவருகிறது. சைலன்சர் முழுவதும் சூடேறுவதற்குள் இன்ஜினை நிறுத்திவிடுவதால் அந்த ஆவி உள்ளேயே குளிர்ந்து அடியில் தேங்குகிறது. வாரத்தில் ஒருநாளாவது குமுளி வரை ஓட்டி வாருங்கள். புதுச் சைலன்சர் நீண்ட நாள் உழைக்கும்.

பதில் 2: கொழிஞ்சாம்பாறை

அண்ணன் சொன்னதில் பெரும்பகுதியை நானும் ஏற்கிறேன். ஆனால் பல் உடைந்த இடப்பக்க நட்டுக்குச் சூடு காட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த நட்டு எப்படியும் மறுபடி பயன்படாது. வார்ப்பிரும்பு ஒரே இடத்தில் கடுமையாகச் சூடேறினால் விரிசல் விடக்கூடிய உலோகம், அதிலும் ஏற்கெனவே செதில் உடைந்த சிலிண்டர் என்கிறபோது அந்த ஆபத்தை ஏன் வரவழைக்க வேண்டும்? ஹேக்சா பிளேடால் நட்டைக் குறுக்கே சாய்வாக, மரையைத் தொடுவதற்குச் சற்று முன்வரை அறுத்து நிறுத்துங்கள். பிறகு அந்தப் பள்ளத்தில் தடித்த ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருகினால் மிச்சமிருக்கும் மெல்லிய சுவர் விரிந்து பிளக்கும். சுத்தியலை எடுக்கவே வேண்டாம்.

பழைய பாக்கிங் வளையத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். ஆகவே காய்ந்த நிலையில் சுரண்டாமல், நனைத்து எடுத்து, துணியோடு சுருட்டி அப்புறப்படுத்துங்கள். மரை தெரிந்தவுடன் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, புது நட்டைக் கையாலேயே ஏற்றிப் பாருங்கள். கை விரலுக்கு நான்கு சுற்று தடையில்லாமல் ஏறினால் கவலையில்லை. மரை தேய்ந்திருந்தால் வற்புறுத்தி ஏற்றாமல், சிலிண்டரைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோய், வாயைச் சற்றுக் கடைந்து சிறிய அளவில் புது மரை வெட்டி, அதற்கேற்ற நட்டு செய்துகொள்வதே நிலையான வழி.

பொருத்தும்போது பலரும் செய்யும் தவறு, சைலன்சரைப் பின்பக்க பிராக்கெட்டில் முதலிலேயே இறுக்கிவிடுவது. எல்லாவற்றையும் தளர்வாக மாட்டிய பின், சிலிண்டர் வாயின் நட்டு, நடுவிலுள்ள கிளாம்ப், கடைசியாகப் பின் பிராக்கெட் என்ற வரிசையில் இறுக்குங்கள். இல்லையென்றால் பைப் கோணலாக இழுபட்டு, அதிர்வில் நட்டு தளர்ந்து, தளர்ந்த நட்டு ஆடி ஆடியே மரையைத் தின்றுவிடும். பழைய யெஸ்டிகளில் மரை கெடுவது பெரும்பாலும் இப்படித்தான். மரையில் செம்புத்தூள் கலந்த கிரீஸை மெல்லியதாகப் பூச மறக்காதீர்கள்.

பதில் 3: செங்கோட்டை

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். சத்தம் கம்பீரமாக இருக்கும் என்று சொல்லி, சைலன்சருக்குள்ளே சத்தத்தை அடக்கும் பேஃபிள் குழாயை எடுத்துவிடச் சிலர் அறிவுரை கூறுவார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் பைப்பிலிருந்து திரும்பிவரும் அழுத்த அலைதான் எரியாத கலவை வெளியே ஓடிவிடாமல் தடுக்கிறது என்பதால், பேஃபிள் போனால் இழுவையும் போகும். மேலும் கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளருக்கு அனுமதிக்கப்பட்ட வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தெளிவாகவே தீர்ப்பளித்திருக்கிறது. பேஃபிளைக் கரி நீக்கிச் சுத்தம் செய்வது வேறு, அகற்றுவது வேறு.

கேட்டவர்: பெரியாற்றங்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வலப்பக்க நட்டு, மூன்று நாள் ஊறிய பின் இரண்டாம் முறை சூடு காட்டியபோது கழன்றது; இடப்பக்கத்தை அறுத்தே எடுத்தேன். அறுத்த பக்கத்தில் வாயின் முதல் சுற்று மரை மட்டும் நசுங்கியிருந்தது, அதை முக்கோண அரத்தால் பொறுமையாகச் சீர்செய்த பிறகு புது நட்டு கையாலேயே நான்கரைச் சுற்று ஏறியது. முற்றத்தில் திறந்த வெளியில் வைத்து ஸ்டார்ட் செய்தேன். புதுச் சைலன்சரின் மேல்பூச்சு எண்ணெய் சிறிது நேரம் புகைந்து அடங்கியது. குமுளி வரை போய்த் திரும்பிப் பார்த்தபோது இடப்பக்க இணைப்பின் கீழே கரிய எண்ணெய்க் கோடு ஒன்று தெரிந்ததால், இன்ஜின் ஆறியவுடன் அந்த நட்டைக் கால் சுற்று இறுக்கினேன். இன்று காலை ஓட்டிப் பார்த்தபோது கோடு இல்லை. 50 கிலோமீட்டர் ஆனதும் இரண்டு பக்கமும் மறுபடி இறுக்கிப் பார்க்கப் போகிறேன்.