புதுப்பிப்பு: புது டர்போ மாட்டியும் நீலப் புகை, காரணம் கிடைத்துவிட்டது

லாரியில் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) மாற்றிய பத்தே நாளில் மறுபடி நீலப் புகை வருகிறது, ஆயிலும் குறைகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "டர்போவை விடுங்க, ஆயில் திரும்புற குழாயைக் கழற்றிப் பாருங்க" என்றவர் சொன்னதுதான் சரி.

மாட்டும்போது கேஸ்கெட்டோடு (இணைப்பில் கசிவைத் தடுக்க வைக்கும் தகடு) சேர்த்துப் பூசிய சிலிக்கான் பசை உள்பக்கம் பிதுங்கி, குழாய் வாயில் பாதியை அடைத்திருந்தது. சம்புக்கு (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறங்க முடியாத ஆயில் டர்போவின் சீலைத் தாண்டிக் கசிந்து, எரிந்து புகையாகியிருக்கிறது. டர்போவின் ஷாஃப்டை விரலால் அசைத்துப் பார்த்தேன், அதிலுள்ள வீல் (விசிறிபோன்ற சக்கரம்) வெளிக்கூடான ஹவுசிங்கில் உரசவில்லை. நல்லவேளை, டர்போ தப்பியது.

சிலிக்கானைச் சுரண்டிவிட்டு வெறும் கேஸ்கெட் வைத்தே மாட்டினேன். ஆயில் வரும் குழாயும் புதுசு. பழையதில் கரி படிந்திருந்தது. ஸ்டார்ட் செய்யும் முன் டர்போவின் ஆயில் துளையில் புது ஆயில் ஊற்றி, வீலைக் கையால் சுற்றிவிட்டேன்.

எதிர்பாராதது ஒன்று: அப்புறமும் இரண்டு நாள் புகை நிற்கவில்லை. டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் பழைய ஆயில் தேங்கிக் கிடந்தது. தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். அதிகமாகத் தேங்கினால் எஞ்சின் அந்த ஆயிலையே எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும். வடித்துக் கழுவியதும் புகை நின்றது. மூன்று வாரமாக டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் இறங்கவில்லை.