அடுத்த லேப்டாப்பும் அதே பிராண்டா?

நெடுவழி:
வேலைக்கான லேப்டாப்பை மாற்றப் போகிறேன். இதுவரை இரண்டும் ஒரே பிராண்ட். முதலாவது நன்றாக உழைத்தது, இரண்டாவதில் வாரண்டி முடிந்த கையோடு கீல் பிடுங்கிக்கொண்டது. கோடிங், ஏகப்பட்ட பிரவுசர் டேப்கள், அடிக்கடி பையில் பயணம், கேம் கிடையாது. ஆறு வருடமாவது ஓட வேண்டும். அதே பிராண்டில் இருக்கலாமா, மாறலாமா? "நம்பகமான பிராண்ட்" என்று தேடினால் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

திருகாணி:
பிராண்டை விடுங்கள், எந்த வரிசை என்று பாருங்கள். லெனோவோவில் அலுவலகத்துக்கான திங்க்பேட் டி வரிசையும் வீட்டுக்கான ஐடியாபேடும் ஒரே பிராண்டில் வந்தாலும் வேறு வேறு சரக்கு. எச்பியில் எலைட்புக் வேறு, பெவிலியன் வேறு. அந்தப் பெயர்களாவது நிலைக்கிறதா என்றால் அதுவும் இல்லை: 2025 தொடக்கத்தில் டெல் தன் அலுவலக வரிசையான லாட்டிட்யூடை டெல் ப்ரோ என்று மாற்றியது. சோனி 2014-ல் தன் லேப்டாப் பிராண்டான வையோவையே விற்றுவிட்டது, தோஷிபா லேப்டாப் இப்போது டைனாபுக்.

கீல் விஷயம்: பெரும்பாலும் உடைவது கீல் அல்ல. பிளாஸ்டிக் உடலில் பதித்த சின்னப் பித்தளை மரைகளில்தான் கீலின் ஸ்க்ரூக்கள் இறங்குகின்றன. கீல் இறுகிப்போனால், மூடியைத் திறக்கும் விசை முழுவதும் அந்த மரைகளுக்குப் போகிறது. பிளாஸ்டிக் விரிசல்விட்டு மரையோடு பெயர்ந்துவிடும். மூடியை ஒரு மூலையில் பிடித்துத் திறப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். நல்ல அலுவலக மாடல்களில் அந்த ஸ்க்ரூ உலோகச் சட்டத்தில் இறங்கும். வாங்குமுன் அந்த மாடலைப் பிரித்துக் காட்டும் வீடியோ ஒன்றைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

சால்டர்புகை:
மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குவாண்டா, காம்பல், விஸ்ட்ரான், இன்வென்டெக் போன்ற தைவான் நிறுவனங்கள்தான் பல பிராண்டுகளுக்கும் லேப்டாப் செய்து கொடுக்கின்றன. உள்ளிருக்கும் பாகங்களும் பொது. அதனால் பழுதும் பிராண்ட் பார்த்து வருவதில்லை. 2006-ல் சோனி செய்த பேட்டரி செல்களுக்குள் உலோகத் துகள் கலந்து தீப்பிடிக்கும் அபாயம் வந்தபோது டெல் சுமார் 41 லட்சம் பேட்டரிகளையும் ஆப்பிள் சுமார் 18 லட்சத்தையும் திரும்பப் பெற்றன, லெனோவோவும் தப்பவில்லை. 2008-ல் என்விடியா கிராபிக்ஸ் சிப்புகளில் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்ததில் சிப்புக்கு அடியிலிருந்த சால்டர் இணைப்பு விட்டுப்போனது. டெல், எச்பி, ஆப்பிள் மூன்றிலும் அதே கதை.

வடிவமைப்பே சறுக்கும்போது மட்டும் பழி பிராண்டுக்குப் போகும். 2015-லிருந்து சில வருடங்கள் மேக்புக்குகளில் வந்த பட்டர்ஃபிளை கீபோர்ட் அப்படி: ஒரு தூசித் துகள் போதும், எழுத்து விழாது, அல்லது இரண்டு முறை விழும். கீபோர்ட் மேல்பலகையோடு சேர்ந்தது, பேட்டரியும் அங்கேயே ஒட்டியது. ஒரு விசைக்காக மொத்தத்தையும் மாற்ற வேண்டும். அந்த வருடங்களில் ஆப்பிள் விசுவாசம் யாருக்கும் கைகொடுக்கவில்லை.

பழையபயாஸ்:
பிராண்டில் ஒன்றுமே இல்லை என்பது கொஞ்சம் ஓவர். ஸ்கொயர்ட்ரேட் என்ற வாரண்டி நிறுவனம் 2009-ல் வெளியிட்ட கணிப்பில், மூன்று வருடத்துக்குள் வன்பொருள் பழுதாகும் விகிதம் ஆசுஸில் 15.6%, எச்பியில் 25.6%. சிறிய வித்தியாசமில்லை. ஆனால் மலிவும் உயர்தரமும் கலந்த சராசரி அது, நீங்கள் வாங்கும் மாடலைப் பற்றி எதுவும் சொல்லாது. அதைக் காட்டி இன்று வாங்கவும் கூடாது.

பிராண்ட் உண்மையில் கைகொடுப்பது வாங்கிய பிறகுதான். சர்வீஸ் மேனுவலைப் பொதுவில் வைக்கிறார்களா, உதிரிபாக எண் கிடைக்கிறதா, பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் எத்தனை வருடம் வருகிறது, ஆள் வந்து சரிசெய்வார்களா அல்லது நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? லெனோவோ, டெல், எச்பி மூவரும் அலுவலக வரிசைகளுக்கு மேனுவல் வெளியிடுகிறார்கள். மூன்று வருட வாரண்டி போட்டாலும் பேட்டரிக்குப் பல சமயம் ஒரு வருடம்தான். நிபந்தனையில் தேடிப் படியுங்கள். "மில்-எஸ்டிடி-810எச் பாஸ்" ஸ்டிக்கருக்கு (அமெரிக்க ராணுவத்தின் தாங்குதிறன் சோதனை முறை அது) மயங்க வேண்டாம். அமெரிக்க ராணுவம் அந்தச் சான்றைத் தருவதில்லை. எந்தெந்தச் சோதனை என்பதை நிறுவனமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும்.

நெடுவழி:
நன்றி. அப்படியானால் மேனுவலில் எந்தப் பக்கத்தைப் பார்ப்பது? வாங்கி வந்ததும், திருப்பிக் கொடுக்கும் அவகாசத்துக்குள் எதைச் சோதிப்பது?

சால்டர்புகை:
மேனுவலில் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படம் ஒன்று இருக்கும். அதில் மூன்று கேள்வி. சார்ஜ் ஏறும் டைப்-சி போர்ட் தனிச் சிறு போர்டில் இருக்கிறதா, மதர்போர்டிலேயே சால்டரா? தினமும் செருகி எடுக்கும் இடம் அது. தனி போர்டானால் செலவு சிறியது, இல்லாவிட்டால் மதர்போர்டையே மாற்றச் சொல்வார்கள். பேட்டரி ஸ்க்ரூவில் நிற்கிறதா, பசையிலா? ரேமுக்கு ஸ்லாட் இருக்கிறதா? சால்டர் செய்த ரேம் என்றால் பிறகு ஏற்ற முடியாது. ஆறு வருடக் கணக்குக்கு இப்போதே 32 ஜிபி எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி (சேமிப்பகம்) எம்.2 ஸ்லாட்டில் இருந்தால் 2280 அளவா (80 மிமீ நீளம்), 2242-ஆ (42 மிமீ) என்று குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேடும்போது உதவும்.

பெட்டி பிரித்ததும்:

முதலில் விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி (powercfg /batteryreport) கட்டளையில் பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். புதிதிலேயே 90 சதவீதத்துக்குக் கீழே என்றால் கிடங்கில் நெடுநாள் கிடந்த பேட்டரி என்று சந்தேகப்படலாம். எஸ்எஸ்டி தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் (SMART) தகவலில் ஓடிய மணிநேரம் நூற்றுக்கணக்கில் இருந்தால் அது புதிதல்ல.

அடுத்து ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட், ஒரு முழுச் சுற்று. ஒரு பிழை வந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

பிறகு பிராசஸருக்கு அரை மணி நேரம் முழுச் சுமை. சூடு 95 டிகிரியைத் தொடுவது மெல்லிய மாடல்களில் சகஜம். வேகம் அடிப்படை கிளாக்குக்கும் (நிறுவனம் குறிப்பிடும் அடிப்படை வேகம்) கீழே விழுந்து அங்கேயே கிடந்தால் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) சரியாக உட்காரவில்லை, அல்லது வடிவமே போதவில்லை. அப்போது ஃபேனில் உராயும் சத்தம் வருகிறதா என்றும் கேளுங்கள்.

எல்லா டைப்-சி போர்ட்டிலும் சார்ஜரைச் செருகி லேசாக அசைத்துப் பாருங்கள். இரவு முழுவதும் மூடி வைத்துவிட்டுக் காலையில் பேட்டரி எவ்வளவு இறங்கியது என்று பார்த்தால் ஸ்லீப் கோளாறும் தெரிந்துவிடும். அதன் பிறகு சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வைத்துவிடுங்கள்.

திருகாணி:
ஒன்று விட்டுவிட்டார். மூடியைத் திறந்து மூடும்போது கீழ்ப்பலகையின் மூலை சற்றே எழும்புகிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். முதல் நாளே எழும்பினால் உங்கள் பழைய லேப்டாப்புக்கு வந்தது இதற்கும் வரும். கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.