மறுமொழி: ‘ஹேப்பி அவர்’ – மகிழ்ச்சி நேரமா, சலுகை வேளையா?

அன்புள்ள குழுவினருக்கு,

தான் மொழிபெயர்க்கும் சிறுகதையில் வரும் ‘ஹேப்பி அவர்’ (உணவகங்கள் குறிப்பிட்ட வேளையில் மதுவை விலை குறைத்துத் தருவது) என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு நண்பர் போன வாரம் எழுதியிருந்தார். கதை நடப்பது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஒரு கேசினோ (சூதாட்ட) விடுதிக்குள் இருக்கும் இத்தாலிய-அமெரிக்க உணவகத்தில். மகிழ்ச்சி நேரம், களிப்பொழுது, நறவுப்பொழுது, எற்பாட்டு விருந்து என்று இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான் அந்தப் பக்கத்தில் சில ஆண்டுகள் இருந்தவன். அதனால் அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன்.

வார நாளில் பிற்பகல் நான்கு மணி. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக் கூட்டம் சேர ஆறரை ஆகும். சமையல்காரர், பார் ஊழியர், பரிமாறுகிறவர் எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள், நாற்காலிகள்தான் காலி. இந்த இடைவெளியை நிரப்பத்தான் வாசலில் ஒரு கரும்பலகை வைக்கிறார்கள்: நான்கு முதல் ஆறு வரை வைன், பீர், காக்டெயில் விலை குறைவு, வறுத்த கணவாய், தக்காளிச் சாறில் ஊறிய இறைச்சி உருண்டை, பூண்டு ரொட்டி போன்றவை சிறு தட்டில் கிடைக்கும். பல இடங்களில் இந்த விலை பாரில் உட்காருபவர்களுக்கு மட்டும். இது தெரியாமல் நாங்கள் நான்கு பேர் ஒருமுறை உள்ளே மேசையில் வசதியாக உட்கார்ந்துவிட்டு, பில் வந்தபோதுதான் முழு விலை என்று தெரிந்துகொண்டோம்.

இன்னொன்று. கேசினோ தளங்களில் பெரும்பாலும் சுவர்க்கடிகாரம் இருக்காது, சன்னலும் குறைவு. பகலா இரவா என்று தெரியாத அந்தக் கட்டடத்துக்குள் எனக்கு மணியை நினைவுபடுத்தியது இந்தக் கரும்பலகைதான். ஆகவே நாம் ஆக்கும் சொல்லில் பொழுது இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். ஆனால் ‘மணி நேரம்’ வேண்டாம். அது இரண்டு, மூன்று மணி நேரம்கூட நீளும்.

இனி ‘மகிழ்ச்சி நேரம்’ என்பதற்கு வருவோம். அதைப் பரிந்துரைத்தவர் எழுதியது:

> நேரடி மொழிபெயர்ப்பே எளிது, எல்லோருக்கும் புரியும்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸ் 1984இல் இந்த வழக்கத்தைத் தடை செய்தது. முந்தைய ஆண்டு அங்குள்ள பிரெயின்ட்ரீ என்ற ஊரில் ஓர் இளம்பெண், குடித்துவிட்டு ஓட்டப்பட்ட காரில் சிக்கி இறந்த பிறகு எழுந்த குரலின் விளைவு அது. இதைத் தமிழில் ‘மாசசூசெட்ஸ் மகிழ்ச்சி நேரத்தைத் தடை செய்தது’ என்று எழுதிப் பாருங்கள். மகிழ்ச்சியாக இருக்கவே தடை போட்டதுபோல இருக்கிறது. அந்த விதி உண்மையில் சொல்வது இதுதான்: ஒரு வாரத்துக்கு ஒரு மதுவுக்கு என்ன விலையோ, அதே வாரத்தில் எந்த வேளையிலும் அதற்குக் கீழே விற்கக் கூடாது. வேளைக்கு வேளை மாறும் விலைதான் இங்கே கரு. மகிழ்ச்சி என்ற சொல்லுக்கு விதிக்குள் வேலையே இல்லை.

இந்த ஆங்கிலப் பெயரின் பிறப்பைப் பார்த்தாலும் இப்படித்தான். 1913 வாக்கில் ‘ஆர்கன்சா’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் மாலுமிகளுக்காகக் குத்துச்சண்டை, இசை, திரைப்படம் என்று நடத்திய கேளிக்கை நேரத்துக்கு இந்தப் பெயர் இருந்தது. மறு ஆண்டு ஜூலை 1 முதல் கடற்படைக் கப்பல்களில் மதுவே கூடாது என்று ஆணை வந்துவிட்டது. மலிவு மதுவுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது பிற்பாடுதான். ஆங்கிலத்திலேயே இடம் பெயர்ந்து வந்த பெயரை நாம் எழுத்துக்கு எழுத்து பெயர்க்கத் தேவையில்லை.

களிப்பொழுது எனக்கு மிகவும் பிடித்த சொல். களி என்றால் மகிழ்ச்சி, கள்ளுண்ட மயக்கம் இரண்டும் உண்டு. களிமகன் என்றால் குடித்தவன். ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஆழம் இதில் இருக்கிறது. ஆனால் இன்று களி என்றதும் திருவாதிரைக் களிதான் பலருக்கும் நினைவு வருகிறது. அத்துடன் விலையைப் பற்றி அதில் ஒரு குறிப்பும் இல்லை. நறவு என்றால் கள்; நறவுப்பொழுதுக்கும் விலையைச் சொல்லாத அதே குறை.

எற்பாடு பற்றி எழுதிய அம்மாவுக்கு என் வணக்கம். எற்பாடு என்பது பழந்தமிழ் மரபில் கடற்கரை நிலமான நெய்தலுக்குரிய சிறுபொழுது, பத்து நாழிகை, அதாவது பிற்பகல் இரண்டிலிருந்து ஆறு வரை. கரும்பலகை நேரம் அப்படியே அதற்குள் அடங்குகிறது! படித்ததும் உடனே ஏற்றுக்கொள்ளத் தோன்றியது. ஆனால் இரவு பத்து மணிக்கு மேலும் இதே சலுகையைத் தரும் உணவகங்கள் உண்டு. அப்போது ‘இரவு எற்பாடு’ என்று எழுத வேண்டி வரும், அது சரிப்படாது.

என் பரிந்துரை ‘சலுகை வேளை’. பொதுவான சொல்லாயிற்றே என்று கேட்பீர்கள். பொதுவாக இருப்பதே உதவுகிறது. மாசசூசெட்ஸில் மதுவுக்குத்தான் தடை, உணவுக்கு இல்லை. அதனால் அங்கே அந்த நேரத்தில் சிப்பியை மலிவாகத் தருகிறார்கள். ‘மதுச் சலுகை வேளைக்குத் தடை; உணவுச் சலுகை வேளைக்கு இல்லை’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். களிப்பொழுதை வைத்து இதைச் சொல்ல முடியவில்லை, முயன்று பார்த்தேன். அதே மாநிலத்துச் சூதாட்டத் தளங்களில் ஆடுகிறவர்களுக்கு இலவசமாக மது தரச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு ‘இலவச உபசரிப்பு’ என்ற வேறு சொல் போதும். இதோடு குழப்ப வேண்டாம்.

அப்புறம் கதையின் மெனுவில் வரும் ‘அப்பெரிட்டிவோ’. இதையும் சலுகை வேளை என்றே போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. அது திறத்தல் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. பசியைத் திறந்துவிடும் பானம். இத்தாலியின் மிலானில் மாலையில் ஒரு கிளாஸ் வாங்கினால் கொறிக்க ஏதாவது கூடவே வரும், விலைக் குறைப்பு என்ற எண்ணமே அதில் கிடையாது. ‘பசிதூண்டு பானம்’ என்று வைக்கலாம்.

‘கிளாம்ஸ் கேசினோ’ என்ற மட்டிப் பதார்த்தத்தை ‘சூதாட்ட மட்டி’ என்று ஆக்கிவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அது ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நாரகன்செட் என்ற ஊரில் இருந்த கேசினோவில் பிறந்ததாகச் சொல்வார்கள். அந்தக் கட்டடம் கோடைக்கு வருபவர்கள் கூடும் மன்றம். கேசினோ என்ற இத்தாலியச் சொல்லுக்கே முதற்பொருள் சிறு வீடு. ‘கேசினோ மட்டி’ போதும்.

கதை மாந்தர் பேசும் இடத்தில் ‘ஹேப்பி அவர்’ அப்படியே இருக்கட்டும். வாய்ப்பேச்சில் யாரும் வேறு சொல்ல மாட்டார்கள். கதைசொல்லியின் வரிகளில் சலுகை வேளை வரட்டும். நண்பர் ஒரு பத்தியை இப்படி எழுதி அனுப்பினால், உரக்கப் படித்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

அன்புடன்