பழைய 3டி டிவி வாங்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் டவுனில் ஒரு கடையில் பாவித்த 3டி டிவி ஒன்று விலைக்கு இருக்கிறது, தம்பி பார்த்ததிலிருந்து அதையே எடுப்போம் என்று நச்சரிக்கிறான். எனக்குத்தான் யோசனை. சாம்சங் 2016இலேயே புது மாடல்களில் 3டியை விட்டுவிட்டது, அடுத்த வருடம் எல்ஜியும் சோனியும் விட்டுவிட்டார்கள், பிபிசி 3டி ஒளிபரப்பை 2013இலேயே நிறுத்திவைத்தது. அப்போ பார்க்க என்ன இருக்கு, 3டி புளூரே டிஸ்க்கைத் தேடி அலைவதா?

கூட வருவது ரெண்டே கண்ணாடி, வீட்டில் ஐந்து பேர். தியேட்டரில் தரும் லேசான கண்ணாடி இல்லை இது, நெற்றிப் பக்கம் சின்ன பட்டன், உள்ளே பேட்டரி, இடது கண்ணையும் வலது கண்ணையும் மாறி மாறி மறைக்கிற ஷட்டர் வகை. ஒரு கம்பெனிக் கண்ணாடி இன்னொரு கம்பெனி டிவிக்குச் சரிவராமல் போகலாமாம்.

இதே வகைக் கண்ணாடி கண்டியிலோ கொழும்பிலோ இன்னும் கிடைக்குதா? அம்மா பவர் கண்ணாடி போடுபவர், அதற்கு மேலே இதையும் மாட்டிக்கொண்டு ஒரு முழுப்படம் பார்க்க முடியுமா? அப்புறம், எங்கள் பக்கத்து ஈரத்துக்குப் பழைய டிவி தாக்குப்பிடிக்குமா? சாதாரண டிவியாக மட்டும் பாவிக்கிறதென்றால் எவ்வளவுக்குக் கேட்கலாம்? மாடல் நம்பரைக் கமெண்டில் போடுகிறேன்.